போர்டுக்குப் பின்னால் நானூறு பேர்

மொரப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் டெலிபோன் போர்டு ஜுபைதாவின் கையில் இருந்தது. உள்ளே முப்பது எக்ஸ்டென்ஷன். வெளியுலகத்துக்கு ஒரே நம்பர். வெளியிலிருந்து வருகிற கால் எதுவும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆபீசருக்கு என்றால் இணைப்பாள். தொழிலாளிக்கு என்றால், "குடுக்க முடியாதுங்க" என்று வைத்துவிடுவாள். மில் சட்டம் அப்படி. சட்டம் போட்டவன் ஒருவன், ஏச்சு வாங்குபவள் ஒருத்தி என்று அலுத்துக்கொள்வாளே தவிர, யாருக்கும் இரங்கியதில்லை.

எண்பத்தாறில் அவள் மகள் வஹிதா, மனசுக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். பேரையும் மாற்றிக்கொண்டாளாம், என்ன பேரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் மில் நம்பர் என்பதால், காய்ச்சலிலும் லீவு போடாமல் போர்டு முன்னால் கிடந்தாள் ஜுபைதா.

மறு வருஷம் பெங்களூரிலிருந்து டிரங்க் கால் வந்தது.

"அம்மா, நான்தாம்மா... என்னால இங்க..."

லைன் அறுந்துபோனது. எக்சேஞ்சில் கெஞ்சிக் கூத்தாடி, கால் வந்த நம்பரை வாங்கி, அதற்கே புக் செய்தாள். எடுத்தவள் ஏதோ தையல் கம்பெனியின் போர்டுக்காரி, தமிழ்க்காரிதான்.

"இப்பத்தான் என் மக பேசுனா. கொஞ்சம் கூப்புடுங்கம்மா."

"உள்ள நானூறு பேரு இருக்காங்க. சைபர் சுத்துனா எந்த போன்லயும் வெளி லைன் வரும். யாரு பேசுனாலும் வெளிய இந்த ஒரு நம்பருதான் தெரியும். பேரு என்ன?"

"வஹிதா. இப்ப வேற பேரு... தெரியலீங்க."

"தெரிஞ்சாலும் வேலைக்காரங்களுக்கு வெளிக்கால் குடுக்க முடியாதுங்க."

"நானும் போர்டுலதாம்மா இருக்கறேன்."

"அப்ப உங்களுக்கே தெரியுமேங்க."

தான் ஊருக்குச் சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்ததும் ஜுபைதா ரிசீவரை வைத்தாள்.

அந்த வாரமே ஏரியூரிலிருந்து மாதம்மாள் என்றொருத்தி பேசினாள். "அங்க வேல செய்யற என் மவன் மாரியப்பனக் கூப்புடுங்க தாயி. அவங்கப்பனுக்கு உசுரு இழுத்துக்கிட்டு கெடக்குது." ஜுபைதா யோசிக்காமல் இணைத்தாள். மேனேஜர் அன்றைக்கே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்.

"சம்பளமே வேணாங்க. போர்டுகிட்ட உக்கார மட்டும் வுடுங்க" என்று காலில் விழுந்தாள். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டான்.

அப்புறம் தினமும் தபால் ஆபீஸ் போனிலிருந்து மில்லுக்குப் பேசி, பெங்களூரிலிருந்து கால் வந்ததா என்று கேட்டாள். புதிதாகப் போர்டில் உட்கார்ந்திருந்த ராஜாமணி சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்வாள். ஒருநாள் ஜுபைதா கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்:

"நேத்து நான் லீவுங்கக்கா. எனக்குப் பதிலா இருந்த பொண்ணு இப்பத்தான் சொல்லுச்சு. பெங்களூர்ல இருந்து யாரோ அழுதுக்கிட்டே உங்களக் கேட்டாங்களாம். அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு வெச்சுட்டாளாம்."