ஏலத்தில் எடுத்த பாபின் கேஸ்

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் மெஷினின் பாபின் கேஸ் உடைந்துவிட்டது. கீழ்நூலைப் பிடித்திருக்கும் சின்ன இரும்புக் கூடு அது. மணப்பெண்ணின் பட்டுத்துணியையெல்லாம் அன்று காலையில்தான் வெட்டி வைத்திருந்தேன். மருமகளின் பிளாஸ்டிக் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஜரிகையில் ஊசி முறிந்தது. பழைய மாடல், பார்ட் வராது என்று ரிப்பேர்க்காரன் கையை விரித்தான். வெட்டிய துணியை என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது? என் தையலை அதுவரை ஒருத்தியும் குறை சொன்னதில்லை.

மருமகள் கௌரிதான் கம்ப்யூட்டரில் நடக்கும் ஏலத்தில் அதே மாடல் பாபின் கேஸ் ஒன்றைக் கண்டுபிடித்தாள். "மத்தியானம் முடியுது அத்தை. விலையை இங்க அடிச்சு, இதை அமுக்குங்க. பச்சைன்னா நமக்கு, சிவப்புன்னா வேற எவனோ முந்திட்டான்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எண் நன்றாகத் தெரியும்.

ஒரு டாலர் ஏற்றினேன். கண் இமைப்பதற்குள் சிவப்பு. இன்னொரு டாலர். மறுபடி சிவப்பு. சந்தை ஏலத்தில் நின்றவள் நான். எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் எப்போது விடுவான் என்று சொல்லிவிடுவேன். இங்கே முகமே இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து என் விரலையே பார்ப்பது போலிருந்தது. எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

அப்போது எங்கள் வீட்டில் போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன். இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு கௌரியைக் கூப்பிட்டேன்.

"எவனோ என்னையே பாத்துக்கிட்டு இருக்கான்டி."

"ஐயோ அத்தை, அங்க ஆளே இல்ல. அவனோட மேக்ஸிமம் எவ்வளவுன்னு முன்னாடியே போட்டுட்டுப் போயிருப்பான். கம்ப்யூட்டர்தான் அவனுக்காக ஏத்துது. கையை எடுங்க! கடைசி நிமிஷத்துல ஒரே அடியா போடுங்க."

"அப்ப எனக்கு கை நடுங்குனா?"

"நடுங்காம போடுங்க."

"உன் பிரசவத்துல நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்றியா?"

கடைசி நிமிஷம்வரை காத்திருக்க என் நெஞ்சு தாங்காது. அந்த இரும்புத் துண்டுக்கு அதிகபட்சம் என்ன தருவேன் என்று மனசில் முடிவு பண்ணி, அதை ஒரே தடவையாகப் போட்டேன். பச்சை வந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏலம் முடியப்போகும் நேரத்தில் இன்டர்நெட் அறுந்தது. போன் அடித்தது. மணப்பெண்ணின் அம்மா.

"ஆன்ட்டி, பிளவுஸெல்லாம் ரெடி ஆயிட்டிருக்கா?"

"ஆயிட்டே இருக்கும்மா."

மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி மறுபடி லைன் கிடைத்தபோது ஏலம் முடிந்திருந்தது. பச்சை. விலை மட்டும் ஏறியிருந்தது. நான் இல்லாத நேரத்தில் யாரோ திரும்பத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் எனக்காகப் பதில் சொல்லியிருக்கிறது.

பார்ட் வந்தது. பிளவுஸும் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. தையல் தொழிலுக்கு வரும் பெண்களே, ஏலத்தில் எது எடுத்தாலும் முதலில் மனசில் விலையை முடிவு பண்ணுங்கள். அதை ஒரு தடவை சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

அந்த மத்தியானம் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி, உடைந்த மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டாலராக ஏற்றிச் சிவப்பைப் பார்த்து நடுங்கியிருப்பாள். அவளும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கலாம். அவள் பயந்த ஆள் நான்தான். நானோ அந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன்.