பக்கிரிசாமியின் ஓசையில்லா லோரி

கிள்ளான் பக்கிரிசாமி பிறரிடம் ஆலோசனை கேட்டது உண்டு; கேட்டபடி நடந்தது இல்லை. மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர், 1931ஆம் ஆண்டில், இரண்டு முதலாளிகளிடம் உழைத்துக் களைத்த ஒரு லோரிக்கு உடைமையாளரானார். அன்று முதல் மாடு வைத்திருந்தவர்களோடு அவர் பேசுவதே அபூர்வமாயிற்று.

அந்த லோரியின் முன்னறையில் ஆடாத பொருள் ஒன்றும் இல்லை. கதவுகள் கடகடத்தன. முகப்புப் பலகை படபடத்தது. கூரையின் உள்துணி கிழிந்து தொங்கி, உட்கார்ந்தவர் தலையைத் தடவியது. இருக்கையின் மேலுறை தேய்ந்து, கம்பிச்சுருள்கள் எட்டிப் பார்த்தன.

தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்திற்கு அவர் விறகு ஏற்றி வந்தார். அங்கே பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்துத் தியாகராசா, ரப்பர் ஷீட்டுகளை வாராவாரம் கிள்ளான் ரயிலடிக்குக் கொண்டுசெல்ல ஒரு லோரி தேடினார். சரக்கோடு அவரும் கூடவே போகவேண்டும்.

"உம்முடைய லோரியிலை ஒருக்கா வந்தனான், பல்லெல்லாம் ஆடிப்போச்சு," என்றார் கிராணி. "வாற திங்கட்கிழமை இன்னொருக்கா வந்து பார்ப்பன். இதே ஆட்டமெண்டால் வேறை ஆளைப் பிடிப்பன்."

ஆயுள் முழுவதும் விறகு சுமப்பதா, தோட்டத்துச் சரக்குக்காரர் என்று கிள்ளானில் நிமிர்ந்து நடப்பதா என்பது அந்தத் திங்கட்கிழமையில் அடங்கியிருந்தது. ஆகவே பக்கிரிசாமி பிரிக்பீல்ட்ஸ் சென்று, ரயில்பெட்டிகளின் இருக்கைகளைத் தைத்துச் செப்பனிடும் கன்னையாவிடம் லோரியைக் காட்டினார்.

கன்னையா முழங்கையால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். "சட்டமே தளந்து கெடக்குதண்ணே. போல்ட்டையெல்லாம் முறுக்கணும். மரத்தோட மரம் ஒரசுற எடத்துல கம்பளித் துண்டு வைக்கணும். சீட்டைப் பிரிச்சு, நாரு அடைச்சு, புதுசா தைக்கணும். மூணு நாளு விட்டுட்டுப் போங்க."

"மூணு நாளா? லோரிக்குக் கல்யாணமா பண்ணப்போறே?"

"கேட்டீங்க, சொன்னேன். ஓட்டப்போறது நீங்கதான லா."

திரும்பும் வழியெல்லாம் பக்கிரிசாமிக்கு ஏளனம் தாங்கவில்லை. ஊர் முழுக்க ரப்பர் இருக்க, கம்பளியாம், நாராம். மறுநாள் விறகு இறக்கிவிட்டு, புகைக்கூடத்திலிருந்து ஏழெட்டு ஷீட்டுகளை எடுத்துவந்தார். கேட்டு வாங்குவது அவருக்கு வழக்கமில்லை. அவற்றைப் பட்டைபட்டையாக நறுக்கிக் கதவிடுக்குகளிலும் பலகை இடுக்குகளிலும் அடைத்தார். முழு ஷீட்டுகளை இருக்கையின்மேல் விரித்து ஆணியடித்தார். பளபளப்புக்காக எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்தார். மண்ணெண்ணெய் பட்டால் பச்சை ரப்பர் இளகிப் பசையாகும் என்பது தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். பக்கிரிசாமி குழந்தைகளிடமும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை காலைக் குளிரில் லோரி ஓசையின்றித் தோட்டத்தை அடைந்தது. வெள்ளைக் காற்சட்டை அணிந்த கிராணி ஏறி அமர்ந்தார். சரக்கேற்றிக் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் வழி நெடுக ஒரு கடகடப்பும் இல்லை.

"பறவாயில்லை, காணும். ரயில்பெட்டி மாதிரி எல்லோ போகுது."

"கைவேலைங்கய்யா. நானே செஞ்சது," என்றார் பக்கிரிசாமி, மிகுந்த அடக்கத்தோடு.

கிள்ளான் ரயிலடியில் கிராணி கதவைத் தள்ளினார்.

"கதவு திறக்குதில்லை."

"புதுசுங்கய்யா, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்." பக்கிரிசாமி குறுக்கே காலை நீட்டி உதைத்தார். கதவு நூல் நூலாக இழுபட்டுத் திறந்தது. கிராணி எழுந்தார், இருக்கையும் அவரோடு எழுந்தது. கூலிகள் இருவர் பிடித்து இழுத்ததில், ஆணியைப் பிய்த்துக்கொண்டு ஒரு முழு ஷீட்டு அவர் பின்புறத்தோடு இறங்கியது. அதன் அடிப்பக்கத்தில், உருளையில் பதிந்த தோட்டத்து முத்திரை எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு கூலி அதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினான். கிராணி கையால் மறைத்துக்கொண்டார்.

"எங்கட ரப்பரிலை என்னையே இருத்திக் கொண்டுவந்திருக்கிறீர். இனி விறகும் வேண்டாம், உம்முடைய முகமும் வேண்டாம்."

போலீஸுக்குச் சொல்லியிருப்பார், சாட்சிப் பொருளை அணிந்துகொண்டே போகவேண்டியிருந்ததால் சொல்லவில்லை.

பக்கிரிசாமி வீட்டு வாசலில் லோரியை நிறுத்தினார். மனைவி சீதாலெட்சுமி வெளியே வந்தாள்.

"லோடு கெடச்சுதா?"

"அந்த ஆளுக்கு சீட்டுல உக்காரத் தெரியல. அவனுக்குப் போயி லோரி ஓட்டுறதா?"

"சரி, எறங்கி வாங்க. சோறு ஆறுது."

பக்கிரிசாமி அசையவில்லை.

"மொதல்ல அரிவாள்மணைய எடுத்துட்டு வா," என்றார்.