உமிப் பக்கம்

விம்கோ நகரில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனி ஷெட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று உமிப் பக்கம், இன்னொன்று சூட்டுப் பக்கம். செங்குன்றம் ரைஸ் மில்களிலிருந்து லாரியில் வரும் உமியை உமிப் பக்கத்தில் காயவைத்து மாவாக அரைப்பார்கள். சூட்டுப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, அந்த மாவைக் கலந்து, அச்சு வழியாகப் பலகையாகத் தள்ளுவார்கள். உமி சேர்ந்தால் பலகை விறைப்பாக நிற்கும், பிளாஸ்டிக்கும் மிச்சம். பாத்ரூம் கதவு, பார்க் பெஞ்சு எல்லாம் அதில்தான் செய்கிறார்கள். கேட்டில் ஒரு பச்சை மரம் வரைந்து ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுதியிருக்கிறது. இயற்கை ரொம்ப சௌக்கியம். நான் பலகை ஓரங்களைத் தேய்த்து அடுக்குகிறவள். என் வீட்டுக்காரர் முதலில் சூட்டுப் பக்கம் இருந்தார்.

பிளாஸ்டிக் உருகுகிற வாடையில் அவருக்கு எந்நேரமும் தலைவலி, குமட்டல். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் கம்பெனி மாஸ்க் கொடுத்தது. உமிப் பக்கத்தில் கொடுக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிளாஸ்டிக் விஷம், உமி சோற்றுக்கு மேல் இருந்த தோல், அது என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோருமே நினைத்தோம். உமி மூட்டையில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். மாசமாக இருப்பவள், ஆஸ்துமாக்காரர் என்று யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் சலுகையாக உமிப் பக்கம்தான் அனுப்புவார்கள்.

அவருக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. அன்று கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். “இனிமே தலவலியே இல்லமே. அந்தப் பக்கம் கோயிலு மாரி கீது” என்று சந்தோஷமாகச் சாப்பிட்டார். தன்னுடைய மாஸ்க்கை, தன் இடத்துக்கு வந்தவரிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நாலாவது மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. எண்ணூர் ஃபாக்டரிப் புகைக் காற்று என்றார்கள் அக்கம்பக்கத்தில். எங்களுக்கு எது வந்தாலும் எண்ணூர்க் காற்றின் தலையில்தான் போடுவோம். டி.பி.யாக இருக்கும் என்று சளி எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஆரம்பித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டரம்மா, “கல்லு உடைக்கிற வேலையா?” என்று கேட்டார்.

“இல்லம்மா, உமி அரைக்கிற வேல” என்றேன்.

“உமியிலயும் மணல் சத்து இருக்கும்மா. அந்தத் தூசு நுரையீரல்ல போய் உட்கார்ந்திருக்கு. கெட்டுப்போனது இனி சரியாகாது. இனிமேலாவது அங்க நிக்கக் கூடாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரவை மெஷின் பிளேடை உமி எவ்வளவு சீக்கிரம் தேய்த்துவிடும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பிளேடு மாற்றும்போதெல்லாம் ஃபோர்மேன் உமியைத் திட்டித் தீர்ப்பார். இரும்பையே தின்கிற உமி மாரை மட்டும் விட்டுவைக்குமா என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவர் நம்பவே இல்லை. “சோத்து மேல பழி போடாதமே. அது அந்தப் பிளாஸ்டிக் பொக. உள்ள தங்கிக்கினு இப்போ வேலைய காட்டுது” என்றார். நான் வாங்கிக் கொடுத்த மாஸ்க்கை ஒரு நாள் போட்டார். மூச்சு முட்டுகிறது என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். “சார், அவர அங்கேர்ந்து எடுத்துடுங்க சார்.”

“எட்த்துட்டு எங்கம்மா போட்றது? சூட்டுப் பக்கந்தான் காலி. வோணும்னா நாளைக்கே மாத்தறேன். இல்லன்னா வூட்ல குந்த வை.”

வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. ‘நீ அவல் கொண்டுவா, நான் உமி கொண்டுவருகிறேன், ஊதி ஊதித் தின்னலாம்’ என்பார்களே, அந்தக் கூட்டுதான் கம்பெனிக்கும் எங்களுக்கும்.

விஷயம் தெரிந்து அவர் என்மேல் பாய்ந்தார். “மறுபடியும் பொகையில தள்ளி என்ன சாவடிக்கப் பாக்குறியா?” கத்தியதில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த மனுஷன், அடுப்பை அடுப்பென்று ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். மறுநாள் காலை எனக்கு முன்னால் கிளம்பிப் போய் அரவை மெஷின் பக்கத்தில் நின்றார்.

இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார். ஷெட்டின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் நான். மெஷின் ஓடுகிறவரை எனக்கு ஒன்றும் கேட்காது. கரண்ட் போனால் எல்லாம் நின்றுபோய், அவர் இருமல் மட்டும் ஷெட் முழுக்கக் கேட்கும். என்னோடு பலகை அடுக்குகிற பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொள்வார்கள். சீக்கிரம் கரண்ட் வரட்டும் என்று வேண்டிக்கொள்வேன். வந்தால் அரவை மெஷின் ஓடும், உமி பறக்கும், அது அவர் மூச்சில்தான் போகும். தெரிந்தேதான் வேண்டிக்கொள்கிறேன்.