அமுதவல்லி கேட்ட ஒரே கேள்வி

சித்தேரி மலையடிவாரத்தில் இருந்த தன் கரட்டு நிலத்தில் குரு கிணறு வெட்டினான். தண்ணீர் வரவில்லை. வெள்ளைக் கல்லுக்குள் மஞ்சளாக மின்னும் துணுக்குகள்தான் வந்தன. அந்த நிலத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் பக்கத்து நிலத்துக்காரர் மாதவராஜ். குரு மலையிலிருந்து தங்கம் திருடுகிறான் என்று போலீசில் சொல்லிவிட்டார். அடிபட்டுத் திரும்பினான் குரு. வழக்கு நிற்கவில்லை, திருடன் என்ற பேர் நின்றது. டீக்கடையில் அவனைக் கண்டால் பேச்சு அடங்கும். மறுவருஷமே நெஞ்சடைத்துச் செத்தான்.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி அமுதவல்லி ஒரு கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். நகை செய்யும் மாது ஆசாரி கல்லை உரைகல்லில் தேய்த்தார். கருப்பாகக் கோடு விழுந்தது. பிறகு சுத்தியலால் தட்டினார். கல் தூளானது, கந்தக வாடை அடித்தது.

"தங்கம்னா மஞ்சளாக் கோடு விழும்மா. தட்டுனா தகடாகும், உடையாது. இது வெறும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கல்லு."

ஊருக்கு வந்து இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மாதவராஜ், "தெரியாமப் போச்சு" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். அமுதவல்லி வாயைத் திறக்கவில்லை. மிச்சமிருந்த கற்களைக் கழுவி, கிணற்று மேட்டில் வெயில் படும்படி பரப்பி வைத்தாள்.

எதிர்பார்த்தபடியே மாதவராஜ் வந்தார். ஏரிக்கரையில் இருக்கும் தன் நஞ்சையைத் தருகிறேன், கரட்டைக் கொடு என்றார்.

"இது தங்கந்தான அமுதவல்லி?"

"எனக்கென்னங்க தெரியும்? தங்கம்னு சொன்னது நீங்கதானுங்க."

பத்திரம் பதிவானது. மாதவராஜ் எந்திரம் வைத்துக் கிணற்றைத் தோண்டினார். கற்களைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்தவர், டீக்கடை வாசலில் அவளைப் பார்த்ததும் பைக்கை நிறுத்திக் கத்தினார்.

"ஏமாத்திட்டியே! அதுல குந்துமணித் தங்கங்கூட இல்ல!"

கடையில் எல்லோரும் திரும்பினார்கள். அமுதவல்லி வண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு எதைங்க திருடுனாரு?"

மாதவராஜ் வண்டியைத் திருப்பப் பார்த்தார். அவள் கைப்பிடியை விடவில்லை.

"சொல்லிட்டுப் போங்க."

"குரு… ஒண்ணும் திருடல."

"சத்தமா."

மறுபடியும் சொன்னார். கிளாசைக் கையில் பிடித்திருந்த யாரும் குடிக்கவில்லை.

ஏரிக்கரை நிலத்தில் இப்போது அமுதவல்லியின் மஞ்சள் விளைகிறது. மாதவராஜ் வீட்டுக்குப் போக அந்த நிலத்தை ஒட்டிய பாதை ஒன்றுதான் வழி. பைக் சத்தம் கேட்டால் அவள் களை வெட்டுவதை நிறுத்திவிட்டு வரப்பில் நிமிர்ந்து நிற்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போகும்வரை கண்ணை எடுப்பதில்லை. அவளுக்கு இன்னும் ஆறவில்லை.