எங்கள் தெருவின் முதல் இன்ஜினியர்

என் சித்தி மகள் இந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். சீட்டு கிடைத்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவளைப் பிடித்து உட்காரவைத்து அட்வைஸ் பண்ணுகிறார்கள். பொறுப்பா இரு, முன்னுக்கு வா, குடும்பப் பேரைக் காப்பாத்து. சொல்பவர்களில் பாதிப் பேர் காலேஜை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நேற்று சித்தி என்னையும் விடவில்லை. "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா, நீ சொன்னா கேப்பா" என்றாள். அட்வைஸ் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். அதனால் எனக்கு நடந்ததை மட்டும் அவளிடம் சொன்னேன். அவளைப் போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

பிளஸ் டூ முடித்ததும் நான் கேட்டது பி.எஸ்சி. கணக்கு. "கணக்கா? அதப் படிச்சிட்டு இன்னா பண்ணப் போற?" என்று எங்கள் வீட்டில் தொடங்கி டீக்கடை வரைக்கும் ஒரே கேள்வி. இத்தனை பேர் சொல்லும்போது நாம்தான் தப்போ என்று தோன்றிவிடும் இல்லையா, எனக்கும் தோன்றியது. சென்னையில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைத்தது. தலையாட்டிவிட்டேன்.

அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் கொஞ்சம் பாத்தி குத்தகைக்கு இருக்கிறது. அங்கே அவரோடு வேலை செய்பவர்களுக்கு என் சீட்டு அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கே கிடைத்த மாதிரி. நான் ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முதல் நாளே பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டிவிட்டார்கள். 'எங்கள் தெருவின் முதல் இன்ஜினியரே, வருக வருக.' போகிறவளைப் பார்த்து எதற்கு வருக என்று கேட்டேன். பிரஸ்காரனிடம் அப்படித்தான் தயாராக இருந்ததாம். பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த என் போட்டோவைப் பெரிசாக்கியிருந்தார்கள். மூக்கு மட்டும் ஒரு முழம். கீழே கூலிங் கிளாஸ் போட்ட அண்ணன்மார் வரிசை. ஓரத்தில் ஓட்டுக் கேட்பவர் மாதிரி கைகூப்பிக்கொண்டு அப்பா. நான் இன்னும் ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை. அதற்குள் ஜெயித்துவிட்டேன்.

காலேஜில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. சாப்பாடுகூட மோசமில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன். லேபில் பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே புரோகிராமைத் தட்டித் தள்ளுவார்கள். நான் திரையை வெறித்துக்கொண்டு, மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கணக்கு பீரியடில் மட்டும்தான் மூச்சு சீராக வரும். அந்தச் சமயத்தில்தான் ஊர்த் தோழி போன் பண்ணினாள். எங்கள் பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் கணக்கில் இடம் காலியாக இருக்கிறதாம், வருகிற வாரத்தோடு சேர்க்கை முடிகிறதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? எனக்கும் அவருக்கும் எல்லாவற்றுக்கும் சண்டைதான், டிவி சேனலில் இருந்து குழம்பில் உப்பு வரைக்கும். ஹாஸ்டலுக்கு வந்தபின் போனில் அதுவும் நின்றுபோனது. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்பா." "படிக்கிறியா?" "ம்ம், படிக்கிறேன்." அவ்வளவுதான். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேனோ என்று பயம். அந்தப் பேனரைக் கட்டியவர்கள் முகத்தில் அவர் எப்படி முழிப்பார் என்று வேறு பயம்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். இந்தத் தடவை சொல்லியே தீருவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது என் முகமே என்னை வருக வருக என்றது. வீட்டில் அம்மா மீன் வறுத்துவைத்திருந்தாள். சித்தப்பா வந்து உட்கார்ந்து, "பஸ்ட் இயர்லயே பொறுப்பா இருந்துட்டன்னு வையி, கம்பெனிக்காரன் வீட்டுக்கே கார் அனுப்புவான்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா இன்னொரு மீனை வைத்தாள். சனிக்கிழமை அப்படியே போனது.

ஞாயிறு மத்தியானம் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா உப்பளத்திலிருந்து போன் பண்ணினார், எல்லாரும் உடனே வரச்சொல்லி. அந்த வாரம் வாரிய உப்பு லாரி ஏறாமல் கரையில் குவியலாகக் கிடந்தது. மழை பட்டால் கரைந்து பாத்திக்கே திரும்பிப் போய்விடும். இருந்த தார்ப்பாயில் பாதி கிழிசல். நானும் அம்மாவும் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒரு அண்ணன் மொபெட்டில் என் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரித்து உப்பின் மேல் போர்த்தினார்கள்.

காற்று பேனரைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், எதிர் முனையை அப்பா. ஓரங்களில் கல் வைக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவருடைய இரண்டு கையும் வேலையாக இருந்தது, என்னை நேராகப் பார்க்க முடியாது, அந்தத் தைரியமாக இருக்கலாம்.

"அப்பா, எனக்கு இன்ஜினியரிங் வேணாம்."

"இன்னா?"

காற்றில் கேட்கவில்லை. இன்னும் கத்தினேன். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். "எனக்கு இன்ஜினியரிங் புடிக்கலப்பா. நான் கணக்கு படிக்கிறேன். இந்த வாரத்தோட சேக்கிறது முடியுது." சனியன் பிடித்த காற்று சரியாக அந்த நேரம் பார்த்து நின்றது. வீட்டுக்குள் முணுமுணுக்கப் பயந்ததை உப்பளம் முழுக்கக் கேட்டது. கல்லைத் தூக்கி வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "மொதல்ல கல்ல வெய்யி. உப்பு போயிடும்" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் மோட்டார் ஷெட்டுக்குள் ஒண்டினோம். அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அங்க யாராச்சும் உன்ன ஏதாச்சும் பண்ணாங்களா?"

"இல்லப்பா."

"உண்மைய சொல்லு பாப்பா. அடிச்சாங்களா? மெரட்டினாங்களா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லப்பா. எனக்கு அந்தப் படிப்பு புடிக்கல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் பெருமூச்சு விட்டார். "போன்ல சண்டையே போட மாட்டேங்கற. எது கேட்டாலும் சரி சரின்ற. ஹாஸ்டல் புள்ளைங்களப் பத்தி டிவில இன்னா இன்னாவோ காட்றான். போன் அடிச்சாலே எடுக்க பயமா இருந்துச்சும்மா. நேத்து நீ வந்து சேந்தப்பறம்தான் எனக்கு உசுரே வந்துது."

நான் அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கு ஒழுக, அத்தனை பேர் முன்னால் அழுதேன். கல் தூக்கிய அக்காதான் பேச்சை மாற்றினாள். "அதுக்கின்னாடி, கணக்கு டீச்சருக்கும் ஒரு பேனர் வெச்சுட்டா போச்சு" என்றாள். ஷெட்டே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அவர் மானம் போகுமே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ நான் உயிரோடு வீடு திரும்ப வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். சித்தி மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். நன்றாகப் படி, ஜெயிக்கலாம். ஆனால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்வதும் உன் பொறுப்புதான். வீட்டில் சொல்ல வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன். இதைக் கேட்டு அவள் பெரியமனுஷி மாதிரித் தலையாட்டினாள். நான் நம்பவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

உப்பளத்தில் மழை பெய்த மறுநாள், திங்கட்கிழமை, அப்பாவும் நானும் சர்டிபிகேட் வாங்கச் சென்னை போனோம். ஆபீஸில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், எங்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். "நல்ல சீட்ட விடுறீங்களே சார். நாளைக்குப் பொண்ணு வருத்தப்படும்" என்றார். "வருத்தப்பட்டா என்கிட்ட சொல்லும் சார்" என்றார் அப்பா. சர்டிபிகேட்டை வாங்கி என் பையில் வைத்தோம். விடிந்தால் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து கொஞ்ச நேரத்திலேயே அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார், வாயைத் திறந்துகொண்டு, லேசான குறட்டையோடு. நான் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதே இல்லை என்று அன்று காலையில்தான் அம்மா சொல்லியிருந்தாள். கண்டக்டர் வந்து, "மரக்காணம் வரப்போவுது, அவர எழுப்பும்மா" என்றார்.

"வேணாங்க, தூங்கட்டும்" என்றேன். "மரக்காணம் தாண்டி கோட்டக்குப்பம் வரைக்கும் ரெண்டு டிக்கெட் குடுங்க."