அல்பேட் யாரிடம் வாய் திறந்தார்

கனடாவில், லாசாலில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் சிவநேசத்துக்கு ஒரு பெயர் உண்டு: சாப்பிட வைக்கிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, தையல் தொழிற்சாலையில் முதுகு ஒடிந்து, பிரெஞ்சு படித்து, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தவள். யாராவது தட்டில் மிச்சம் வைத்தால் அவளுக்குப் பொறுக்காது. "இன்னும் கொஞ்சம்" என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லி ஊட்டுவாள். அந்தச் சொல் அங்கிருந்த எல்லாக் கிழவர்களுக்கும் விளங்கும்.

எல்லோரிலும் அவளுக்கு அல்பேட்தான் செல்லம். இரண்டாம் உலகப் போருக்குப் போன முன்னாள் கனடியப் படைவீரர். வருடக்கணக்காக அவரைக் குளிப்பாட்டினாள், சவரம் செய்துவிட்டாள், வீட்டிலிருந்து மரக்கறி சூப் கொண்டுபோய் ஊட்டினாள். குறை ஒன்றே ஒன்றுதான். சண்டைக் கதையை மட்டும் மனுசன் சொல்லமாட்டார். கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். பெற்ற மகளுக்கே சொல்லாத கதை அது. என்றைக்காவது சொன்னால் தன்னிடம்தான் சொல்வார் என்று சிவநேசம் இறுமாந்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வசந்தத்தில் றோசலின் என்ற இன்னொரு தமிழ்ப் பிள்ளை வேலைக்கு வந்தாள். நேற்று முளைத்த பெட்டை! ஒரு பின்னேரம் சூப்போடு போன சிவநேசம் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அல்பேட் அழுதழுது கதைத்துக்கொண்டிருந்தார். றோசலின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டுவது சிவநேசம், கதை கேட்பது அவளா? சூப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து றோசலினை மறித்தாள்.

"என்ன மருந்து போட்டனீர் அவருக்கு? எனக்குச் சொல்லாத கதை உமக்கு மட்டும் எப்பிடி?"

"உங்களுக்குச் சொல்ல ஏலாதாம் அக்கா."

"ஏன், நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவனோ?"

றோசலின் குரலைத் தாழ்த்தினாள்.

"சண்டை முடியிற நேரம் ஜெர்மனியிலை பெல்சன் வதைமுகாமுக்கை போனவராம். யூதச் சனம் எலும்பும் தோலுமாய், செத்ததுகளோடை சேர்ந்து கிடந்ததாம். ஒரு பொம்பிளை கையை நீட்ட, தனக்குத் தந்த இறைச்சி ரின்னை உடைச்சு ஊட்டினவராம். காய்ஞ்ச வயிறு தாங்கேல்லை. விடிய அந்த மனுசி செத்துப்போச்சாம். போதும் எண்டு நிப்பாட்டாமல் இன்னும் இன்னும் எண்டு நான்தானே குடுத்தனான் எண்டு அழுகிறார். இது தெரிஞ்சால் நீங்கள் பேந்து ஊட்டமாட்டியள் எண்டு பயமாம்."

சிவநேசத்துக்குப் பாவம் என்றுதான் இருந்தது. ஆனாலும் இதைக்கூட அந்தப் பெட்டையின் வாயால் கேட்க வேண்டி வந்ததே என்ற எரிச்சல் போகவில்லை.

அடுத்த நாளும் சூப்போடு போனாள். இரண்டு கரண்டி ஊட்டினாள். வழக்கமாகச் சொல்லும் அந்தச் சொல் அன்றைக்கு வரவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள். அல்பேட் அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம்," என்றார், அவளுடைய தமிழிலேயே.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊட்டினாள். வாசலில் றோசலின் வந்து நிற்பது தெரிந்தது. சிவநேசம் திரும்பி ஒருதரம் பார்த்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டுப் போம்," என்றாள்.