மாசா வாய் திறக்காத பகல்

மருத்துவர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். மூளையில் இரத்தம் அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்கப் போடும் மருந்து அது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்குப் போட்டால் மூளைக்குள்ளேயே இரத்தம் கொட்டிவிடுமாம். வலது கை துவண்டு கிடந்த மாசா அப்படி ஏதும் சாப்பிடுகிறாரா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

மாசா, வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் வால்டோர்ஃபில் எங்கள் கீழ்வீட்டுக்காரரின் அம்மா. ராஜஸ்தானில் நாகௌர் பக்கத்துக் கிராமம்; மார்வாரி தவிர வேறு பாஷை தெரியாது. அம்மாவை அவர்கள் மரியாதையாக மாசா என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். வீட்டு ஆண்கள் வேலைக்குப் போனதும் அவர் மார்வாரியிலும் நான் தமிழிலுமாகப் பட்டாணி உரித்தபடி பேசிக்கொண்டே இருப்போம். இந்தியில் கேட்டிராத நம்முடைய 'ள' அவர் பேச்சில் வந்து விழும்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பாதி புரியும். மீதியைச் சிரித்துச் சமாளிப்பேன். அந்தச் சிரிப்புதான் அன்று என்னைப் பயமுறுத்தியது.

மகன் விமானத்தில் இருந்தார். அறையில் என்னோடு இருந்தவர் மாசாவின் கணவருக்கு அண்ணன். ஊரிலிருந்து மாசாவுக்குத் துணையாக வந்தவர். தம்பி மனைவியின் மருந்து மாத்திரை பற்றியெல்லாம் தனக்கெப்படித் தெரியும் என்றார். இந்தியர் என்றதும் மருத்துவமனையில் இந்தி மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். மாசா பேசவில்லை. பெரியவர் குனிந்து மார்வாரியிலேயே கேட்டார். மாசா நல்ல கையால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். பேச்சும் போய்விட்டது, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை என்றார் மருத்துவர்.

போர்வையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. வீட்டிலும் பெரியவர் அடுப்படிப் பக்கம் வந்தால் மாசாவின் முக்காடு முகத்தை மூடிவிடும், பேச்சு பாதியில் நின்றுவிடும். கணவரின் அண்ணன் எதிரில் அவர்கள் வீட்டுப் பெண்கள் வாய் திறப்பதில்லை. சாகக் கிடந்தாலுமா?

"அங்கிள், ப்ளீஸ், வெளிய போங்க!" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கத்தினேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போனார்.

கதவைச் சாத்திவிட்டுப் போர்வையை விலக்கினேன். "மாசா, கோளி?" என்றேன். மாத்திரைக்கு அவர்கள் சொல்லும் சொல்.

"லோஹி பத்ளோ கரண் ரீ கோளி," என்றார் மாசா, குழறலாக.

இரத்தத்தை இளக்கும் மாத்திரை. லோஹி, என் விரலைக் கத்தி வெட்டிய நாளில் கற்றது. பத்ளோ, மோரை நீர்க்கக் கரைத்தபோது கற்றது. காலையில் போட்டாரா என்று சைகையோடு கேட்டேன். தலையசைத்தார். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? தப்பென்றால் பிழைக்க வைக்கும் மருந்தை நானே தடுத்தவளாவேன். ஆனாலும் மருத்துவரிடம் சொன்னேன். மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார். இரத்தக்குழாய் வழியாக உள்ளே போய் அடைப்பை எடுத்தார்கள். மாசா சொன்ன மாத்திரை இரத்தத்தில் இருந்தது என்று பரிசோதனை முடிவு வந்தபோது நான் நடைவழியில் உட்கார்ந்து அழுதேன்.

மாசா இப்போது ஊரில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம். வளவளவென்று பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார். பெரியவர் அந்தப் பக்கம் வந்திருப்பார், அவ்வளவுதான். எனக்கும் அது தெரியும். தெரிந்தும், "மாசா, மாசா" என்று இங்கிருந்து கத்துகிறேன்.